மேனேஜர்கிட்ட "டோ டெமோ ஈ"ன்னு சொல்லலாமா? (ஜப்பான் மொழி: வாசகர் கேள்வி பதில்)

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்த சுத்தித்தான் இருக்கு. "எனக்கு இதுல இன்ட்ரஸ்ட் இல்ல", "எனக்கென்ன", "எதுன்னாலும் சரி" இதெல்லாம் ஜப்பான் மொழில எப்படி சொல்றது, சொல்லலாமா, சொன்னா ஏன் மூஞ்ச தூக்குறாங்க. சரி, இந்த தடவை முழுக்க அதையே பாத்துடுவோம்.

கேள்வி: சென்செய் (அதான் வாத்தியாரே), நான் ஜப்பான் கம்பெனி ஒண்ணுல வேலை பாக்குறேன். டோக்யோல இருந்து வந்த மேனேஜர் மீட்டிங்க காலைல வெச்சுக்கலாமா மதியம் வெச்சுக்கலாமான்னு கேட்டார். நான் பணிவா "டோ டெமோ ஈ டெஸ்"னு சொன்னேன், எப்படின்னாலும் சரி சார்ங்கிற அர்த்தத்துல. மனுஷன் மூஞ்சியே மாறிடுச்சு. என்ன தப்பு? (ஸ்ரீபெரும்புதூர் வாசகர்)

பதில்: மாறாம என்ன பண்ணும். ஆனா இந்த இடத்துல தமிழ்ல யோசிக்கிற யாரா இருந்தாலும் விழத்தான் செய்வாங்க, ஏன்னா வழி அவ்ளோ நேரா இருக்கு. 'டோ'ன்னா எப்படி, 'டெமோ'ன்னா ஆனாலும், 'ஈ'ன்னா நல்லது, சரி. மூணையும் சேத்தா "எப்படியானாலும் சரி". வார்த்தைக்கு வார்த்தை, வரிசை கூட மாறாம அப்படியே நம்ம தமிழ். கடைசில ஒரு மரியாதை 'டெஸ்' வேற போட்டிருக்கீங்க. கேக்குறவருக்கு விழுந்தது என்னன்னா, "அது எப்படி நடந்தா எனக்கென்ன வந்துச்சு"ன்னு. அந்த தொடர் அங்க ரொம்ப நாளாவே "முக்கியமில்லாத விஷயம், எனக்கு அக்கறை இல்ல"ங்கிற அர்த்தத்துல இறுகிப் போச்சு. 'டெஸ்' போட்டதால மரியாதை வரல, மரியாதையா எரிஞ்சு விழுந்த மாதிரி ஆயிடுச்சு.

உங்களுக்கு வேண்டியது வேற வார்த்தை. ரெண்டுல எதுன்னாலும் சரின்னா "டொச்சிரா டெமோ டைஜோபு டெஸ்". 'டொச்சிரா'ன்னா ரெண்டுல எது. "எப்படி"ங்கிறத தூக்கிட்டு "எது"ன்னு போட்டாலே பாதி விஷம் எறங்கிடும், ஏன்னா அப்ப நீங்க ரெண்டு சாய்ஸையும் பாத்துட்டு சொல்றீங்கன்னு ஆகுது. இன்னும் நல்லா இருக்கணும்னா "ஒமகாசே ஷிமாசு", உங்க முடிவுக்கே விட்டுடறேன்னு. ஸூஷி கடைல 'ஒமகாசே'ன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, சமையல்காரர் எத குடுத்தாலும் சாப்புடுறேன்னு அவர்கிட்டயே விடுறது, அதே வார்த்தைதான். கை கழுவுறதுக்கும் ஒருத்தர நம்பி விடுறதுக்கும் உள்ள வித்தியாசம் அவ்ளோதான், ஆனா ஆபீஸ்ல அது பெரிய வித்தியாசம்.

இன்னொண்ணு. 'டோ டெமோ ஈ'ய ஒரு இடத்துல தாராளமா சொல்லலாம், நீங்க பேசப் போற விஷயத்த பத்தி நீங்களே சொல்லும்போது. "டோ டெமோ ஈ ஹனாஷி நன் டெஸ் கெடோ..."ன்னு ஆரம்பிச்சா "ஒண்ணும் பெரிய மேட்டர் இல்ல, சும்மா சொல்றேன்"னு அர்த்தம். ஒங்க பேச்ச நீங்க மட்டம் தட்டிக்கலாம், அடுத்தவர் கேட்ட கேள்விய தட்டக் கூடாது. நடந்ததுக்கு இப்ப போயி பெரிய மன்னிப்பெல்லாம் வேணாம், அடுத்த தடவை மீட்டிங்க காலைலயே வெச்சுக்கலாம்னு நீங்களா ஒரு யோசனை சொல்லுங்க, அது போதும்.

கேள்வி: என் மனைவி ஜப்பான்காரங்க. "இன்னைக்கு நைட் என்ன சமைக்கட்டும்"னு கேட்டா "நன் டெமோ ஈ"ம்பேன், எதுன்னாலும் சரின்னு. நல்ல புருஷன் அப்படித்தானே சொல்லணும், கோவப்படுறாங்க. (யோகோஹாமா வாசகர்)

பதில்: நீங்க மட்டும் இல்ல சார், ஜப்பான்ல பொறந்து வளந்த புருஷன்களும் இதே பதில சொல்லித்தான் இதே பேச்ச வாங்குறாங்க, அங்க குடும்பப் பத்திரிகைல ஓயாம ஓடுற டாபிக் இது. என்ன சமைக்கிறதுன்னு யோசிக்கிறதே அவங்களுக்கு ஒரு வேலை, அந்த வேலைய நீங்க திருப்பி அவங்க தலைல போட்டுட்டு பெருந்தன்மையா வேற இருக்கீங்க.

சரி, அடுத்த நாள் உஷாரா ஒரு அயிட்டம் பேர் சொல்றீங்கன்னு வைங்க, அங்க அடுத்த குழி. "கரே டெ ஈ"ன்னா "குழம்பே போதும், பரவால்ல". "கரே கா ஈ"ன்னா "குழம்புதான் வேணும்". ஒரே ஒரு எழுத்து, 'டெ'யா 'கா'வா. 'டெ' போட்டீங்கன்னா ஏதோ அவங்க கஷ்டத்த பாத்து நீங்க விட்டுக் குடுக்குற மாதிரி, அதும் குழம்பு வெக்கிறது சும்மா வேலைங்கிற மாதிரி. நம்மூர்லயும் "ரசமே போதும்"னு சொல்ற டோனுக்கும் "ரசம்தான் வேணும்"னு சொல்ற டோனுக்கும் சாப்பாட்டுத் தட்டு வெக்கிற சத்தத்துலயே வித்தியாசம் தெரியும்ல. 'கா' போடுங்க. இல்லன்னா நீங்களே சமைங்க, அதுக்கு இலக்கணமே தேவைப்படாது.

கேள்வி: சென்செய், அனிமே, அதான் ஜப்பான் கார்ட்டூன், பாத்துத்தான் ஜப்பனீஸ் கத்துக்கிறேன். "பெட்சு நி", "ஷிரு கா", "கத்தே நி ஷிரோ" மூணும் செம கெத்தா இருக்கு. கிளாஸ்ல யூஸ் பண்ணலாமா? (கோவை கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, காதால கேளு, வாயால சொல்லாத. "கத்தே நி ஷிரோ" சுத்தமான கட்டளை, "எப்படியோ போய்த் தொலை"ங்கிற லெவல். "ஷிரு கா" பாக்க கேள்வி மாதிரி இருக்கும், "தெரியுமா"ன்னு, ஆனா அது கேள்வியே இல்ல, "எனக்கென்னடா தெரியும், என்ன ஏன் கேக்குற"ன்னு எரிஞ்சு விழுறது. அனிமேல பசங்க சண்டை போடும்போது சொல்றத சென்செய்கிட்ட சொன்னா சென்செய் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சிரிச்சுக்கிட்டே அடுத்த ஆளுக்குப் போயிடுவாங்க, அதுதான் ஜப்பான் ஸ்டைல் தண்டனை.

"பெட்சு நி" கொஞ்சம் வேற கதை. நேரா பாத்தா 'தனியா, குறிப்பா'ன்னு அர்த்தம், பின்னாடி ஒரு 'இல்ல' வரணும், "குறிப்பா ஒண்ணும் இல்ல"ன்னு. அந்த 'இல்ல'ய முழுங்கிட்டு "பெட்சு நி"ன்னு மட்டும் நிறுத்துனா "ப்ச், ஒண்ணுமில்ல". ஃப்ரெண்ட்ஸுக்குள்ள ஓகே. பொது இடத்துல சொன்னா என்ன ஆகும்னு ஜப்பானுக்கே தெரியும். 2007 செப்டம்பர்ல நடிகை சவஜிரி எரிகா தன்னோட சினிமா முதல் காட்சி மேடைல, கைய கட்டிக்கிட்டு, கேட்ட கேள்விக்கு "பெட்சு நி"ன்னு சொல்லிட்டாங்க. அவ்ளோதான் சொன்னது. டிவி முழுக்க அதே கிளிப், அப்புறம் மன்னிப்பு கேட்டாங்க, ரொம்ப வருஷம் அந்த வார்த்தை அவங்க பேரோடயே ஒட்டிக்கிச்சு. அவங்க திட்டல, கத்தல, யாரையும் ஒண்ணும் சொல்லல. ஆர்வமில்லன்னு காட்டினது மட்டும்தான் குத்தம். எனக்கு என்னமோ அது கொஞ்சம் ஓவரான தண்டனையாத்தான் படுது, ஆனா உனக்கு ரூல் புரிஞ்சிருக்கும்.

அனிமேல வெக்கப்படுற பொண்ணு "பெ, பெட்சு நி..."ன்னு திக்குதே, உனக்காக ஒண்ணும் செய்யலன்னு, அது அக்கறை இருக்குங்கிறதுக்கு அடையாளம். அத பாத்துட்டு நிஜ வாழ்க்கைல ஒரு பொண்ணு "பெட்சு நி"ன்னா உள்ளுக்குள்ள ஆசை இருக்குன்னு நெனச்சுக்காத. இல்ல.

கேள்வி: கைகோ வேலைல, அதான் முதியோர் பராமரிப்புல, ஜப்பான்ல இருக்கேன். ஒரு பாட்டியோட மக வந்து "அம்மாவுக்கு எப்ப குளியல்"னு கேட்டாங்க. எனக்கு நிஜமாவே தெரியாது, "ஷிரிமாசென்"னு சொன்னேன். அப்புறம் லீடர் தனியா கூப்பிட்டு அப்படி சொல்லக் கூடாதுன்னாங்க. பொய்யா சொல்ல முடியும்? (சைதாமா வாசகி)

பதில்: பொய் வேணாம்மா, வார்த்தைய மட்டும் மாத்துங்க. தமிழ்ல நமக்கு ஒரே 'தெரியாது'தான், அத வெச்சே எல்லாம் ஓட்டிடுவோம். அவங்களுக்கு ரெண்டு இருக்கு. "ஷிரிமாசென்"னா அந்தத் தகவல் என்கிட்ட இல்ல, அதுக்கும் எனக்கும் சம்பந்தமும் இல்ல. "வகாரிமாசென்"னா பாத்தேன், யோசிச்சேன், பிடிபடல. முதல்ல சொன்னதுல கதவு சாத்துற சத்தம் இருக்கு. "இந்த பாட்டு தெரியுமா"ன்னு ஒருத்தர் கேட்டா "ஷிரிமாசென்" தாராளமா சொல்லலாம், பாட்டு தெரியாதது குத்தமில்லையே. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு எதிர்பாத்து ஒருத்தங்க கேக்கும்போது, அதும் அவங்க பெத்த அம்மாவ பத்தி, "ஷிரிமாசென்"னா "அது என் பிரச்சனை இல்ல"ன்னு விழும்.

நீங்க சொல்ல வேண்டியது "சுமிமாசென், கக்குனின் ஷிமாசு". மன்னிக்கணும், செக் பண்ணிட்டு சொல்றேன். இதுல 'தெரியாது'ங்கிற வார்த்தையே இல்ல பாருங்க. ரிசப்ஷன், கஸ்டமர் சர்வீஸ்ல இருக்கவங்க இதவிட நீட்டி "வகாரிகனெமாசு"ம்பாங்க, தெரிஞ்சுக்க முயற்சி பண்ணாலும் முடியாத நிலைல இருக்கேன்னு, அது உங்களுக்கு இப்போதைக்கு தேவையில்ல. ஆனா "ஷிரிமாசென் டெஷ்தா"ன்னு கடந்த காலத்துல சொன்னா அது நல்ல வார்த்தை, யாராவது புதுசா ஒண்ணு சொல்லும்போது "அட, எனக்கு தெரியாம இருந்துச்சே"ன்னு ஆர்வத்த காட்டுறது. ஒரே வினைச்சொல், காலம் மாறுனதும் அக்கறையின்மை அக்கறையா மாறுது.

கேள்வி: ஜப்பான்ல வீட்டு வாசல்ல வந்து எதையாவது விக்கிறவங்க, போன்ல விக்கிறவங்க, இவங்ககிட்ட எப்படி இன்ட்ரஸ்ட் இல்லன்னு சொல்றது? "கெக்கோ டெஸ்"னுதான் புக்குல இருக்கு. (நகோயா வாசகர்)

பதில்: இங்க மட்டும் முரட்டுத்தனமா இருங்க, நானே பெர்மிஷன் தர்றேன். "கெக்கோ டெஸ்" ரெண்டு பக்கமும் வெட்டுற வார்த்தை. "வேணாம், போதும்"னும் அர்த்தம், "நல்லாருக்கு, சரி"ன்னும் அர்த்தம். "ஈ டெஸ்"ஸும் அதே. கைய ஆட்டிக்கிட்டு நேர்ல சொன்னா புரியும், போன்ல கை தெரியாதே, சரின்னுதானே சொன்னீங்கன்னு பிடிச்சுக்குற ஆளுங்க இருக்காங்க. அதனாலதான் அங்க நுகர்வோர் ஆலோசனை சென்டர்கள்லயே இந்த வார்த்தைகள தவிர்த்துட்டு "இரிமாசென்", அதாவது வேண்டாம்னு தெளிவா சொல்லுங்கன்னு அறிவுரை குடுக்குறாங்க. "க்யோமி அரிமாசென்"னும் சொல்லலாம், ஆர்வம் இல்லன்னு நேரடி வார்த்தை. கூட வேலை பாக்குறவர் தன்னோட ஹாபி பத்தி பேசும்போது இத சொன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி, வாசல்ல நிக்கிற சேல்ஸ்மேனுக்கு சரியான டோஸ்.

இதுக்கு சட்டமும் துணை இருக்கு. சுருக்கமா 'தொக்குஷோஹோ'ம்பாங்க, வீடு தேடி வர்ற வியாபாரம், போன் வியாபாரம் இதையெல்லாம் கட்டுப்படுத்துற சட்டம், வாங்க விருப்பமில்லன்னு நீங்க தெரியப்படுத்திட்டா அதே விஷயத்துக்கு மறுபடி வற்புறுத்தக் கூடாது. அதனால உங்க அக்கறையின்மை சந்தேகத்துக்கு இடமில்லாம இருக்கறதுதான் உங்களுக்கு பாதுகாப்பு. அப்புறமும் தொல்லைன்னா 188க்கு போன் பண்ணுங்க, நுகர்வோர் ஹாட்லைன். 1 'இ', 8 'யா', இன்னொரு 8 'யா', சேத்து படிச்சா "இயாயா", அது ஒசாகா பக்கத்து பேச்சுல "அய்ய, வேணாம் போ"ன்னு அர்த்தம். நம்பரே உங்களுக்கு வசனம் சொல்லிக் குடுக்குது.

கேள்வி: யாராவது வீட்டுக்குப் போனா டீ கொண்டு வரும்போது "ஒகமாய் நாக்கு"ன்னு சொல்லணும்னு படிச்சேன். 'கமாவ்' வந்தா அக்கறைன்னு அர்த்தமாமே, அப்ப "அக்கறைப்படாத"ன்னா சொல்றது? (திருச்சி வாசகி)

பதில்: ஆமா, "எனக்காக சிரமப்படாதீங்க"ன்னு. நம்ம வீடுகள்ல "அய்யோ அதெல்லாம் எதுக்குங்க"ன்னுட்டே டம்ளர வாங்குவோம்ல, அதேதான், சொல்லிட்டு டீய குடிச்சிடணும். ஆனா அதே வினைல இருந்து வர்ற "கமாய்மாசென்", எனக்கு ஆட்சேபணை இல்லங்கிறது, கொஞ்சம் மேல இருந்து அனுமதி குடுக்குற வாசனை அடிக்கும். கீழ இருக்கவங்களுக்கு சொல்லலாம், மேல இருக்கவங்ககிட்ட "மொந்தாய் அரிமாசென்", பிரச்சனையில்லன்னு போயிடுங்க.

கேள்வி: பேசிட்டு இருக்கும்போது எதிர்ல இருக்கவங்க "ஃபூ...ன்"னு சொன்னா கேக்குறாங்கன்னு அர்த்தமா? (சென்னை வாசகி)

பதில்: கேக்குறாங்க, ஆனா கடிகாரத்தையும் பாக்குறாங்க. "ஹே...!"ன்னு இழுத்தா ஆச்சரியம், ஆர்வம். ரெண்டாயிரங்கள்ல ஒரு டிவி ஷோல பொது அறிவுத் தகவல் சொல்லச் சொல்ல, எவ்ளோ ஆச்சரியமோ அத்தனை தடவை தட்டுறதுக்குன்னு 'ஹே' பட்டனே வெச்சிருந்தாங்க. "ஃபூன்"னுக்கு பட்டன் கிடையாது. "அஸ்ஸோ"ன்னு வெட்டி சொன்னா "அப்டியா, சரி போ". "சோ டெஸ் கா"வ கடைசில கீழ எறக்கி சொன்னா டாபிக்க முடிங்கன்னு சிக்னல். இதெல்லாம் வார்த்தையா படிச்சா வராது, காது பழகணும்.

கேள்வி: ஜப்பானிய ஃப்ரெண்டு லைன் ஆப்ல மெசேஜ படிச்சுட்டு பதிலே போடல. இன்னொருத்தன் "ஷிகாத்தோ பண்றான்"னு சொன்னான். அது என்ன? (ஓசூர் வாசகர்)

பதில்: அருமையான வார்த்தை அது. ஹனஃபுதான்னு பூ படம் போட்ட சீட்டுக்கட்டு ஒண்ணு இருக்கு, நிண்டெண்டோ கம்பெனி 1889ல கியோத்தோல ஆரம்பிச்சதே இந்த சீட்டு செய்யத்தான், வீடியோ கேமெல்லாம் பின்னாடி வந்தது. மாசத்துக்கு ஒரு பூ, பன்னெண்டு மாசம். பத்தாம் மாசத்து சீட்டுல மேப்பிள் மரமும் ஒரு மானும், அந்த மான் மூஞ்ச திருப்பிக்கிட்டு நிக்கும். 'ஷிகா'ன்னா மான், 'தோ'ன்னா பத்து. சூதாடுறவங்க வட்டாரத்துல இருந்து "ஷிகாத்தோ"ன்னா கண்டுக்காம மூஞ்ச திருப்புறதுன்னு ஆயிடுச்சு, இப்ப ஸ்கூல் பசங்க வரைக்கும் சொல்றாங்க. இது சும்மா கவனக்குறைவு இல்ல, வேணும்னே ஒதுக்குறது, ஸ்கூல்ல கூட்டமா ஒரு புள்ளைய இப்படிப் பண்றது அங்க பெரிய கொடுமையா பேசப்படுற விஷயம்.

லைன் மேட்டர் அவ்ளோ கனமில்ல. படிச்சுட்டு பதில் போடாதது "கிடொக்கு சுரூ". 'கிடொக்கு'ன்னா படிச்சாச்சுங்கிற அந்த அடையாளம், 'சுரூ' இங்கிலீஷ்ல இருந்து எடுத்தது, கண்டும் காணாம தாண்டிப் போறது. படிச்சது தெரியக் கூடாதுன்னு தொறக்காமலே விடுறது "மிடொக்கு சுரூ", இது இன்னும் நுணுக்கமான கலை. கேட்டதுக்கு ஒத்த வார்த்தைல வறட்சியா பதில் வந்தா "ஷியோ தைஓ", உப்பு கவனிப்பு. கைகுலுக்குற நிகழ்ச்சில ரசிகர்கள கண்டுக்காத ஐடல் பாடகிகள சொல்லப் போயி பரவுனது, அதுக்கு எதிர்ப்பதம் "கமி தைஓ", தெய்வ லெவல் கவனிப்பு. உங்க ஃப்ரெண்டு எந்த கேட்டகிரின்னு ரெண்டு நாள் பொறுத்துட்டு முடிவு பண்ணுங்க, அங்க ஓவர்டைம் ஜாஸ்தி.

கேள்வி: ஐயா, கண்டுக்காம இருக்கறத பத்தி ஜப்பான்ல பழமொழி உண்டா? (மதுரை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்)

பதில்: ஏகப்பட்டது இருக்குங்க ஐயா. நம்ம "செவிடன் காதில் ஊதின சங்கு"க்கு அவங்க "உமா நோ மிமி நி நென்புட்சு", குதிரை காதுல அமிதா புத்தர் நாமத்த ஓதுனது. "எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி"க்கு "கயெரு நோ சுரா நி மிசு", தவளை மூஞ்சில தண்ணி. தண்ணிக்கு பதிலா மூத்திரம்னும் ஒரு பாடம் உண்டு, அது உங்க வகுப்புக்கு வேணாம். "தைகான் நோ காஜி"ன்னா அக்கரையில பிடிச்ச தீ, நமக்கென்ன நடுவுல ஆறு இருக்கேன்னு வேடிக்கை பாக்குறது. மரவீடுகள் நெருங்கி இருந்த எதோ நகரத்துல அடிக்கடி தீ பரவுன கதைய படிச்சா இந்த உவமை எவ்ளோ சூடானதுன்னு தெரியும், எதோன்னா இன்னைய டோக்யோதான். "இதக்கு மோ கயுக்கு மோ நை"ன்னு ஒண்ணு, வலிக்கவும் இல்ல அரிக்கவும் இல்ல, யார் என்ன பண்ணாலும் எனக்கு உறைக்காதுன்னு. இந்த 'மோ...மோ...' நம்ம 'உம்...உம்' மாதிரியே நிக்குது பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும்.

கேள்வி: ஜப்பான் செய்தில 'முகன்ஷின்'னு அடிக்கடி வருதே? (புதுச்சேரி வாசகர்)

பதில்: 'மு' இல்லாமை, 'கன்ஷின்' அக்கறை. எழுத்து நடை, பெரும்பாலும் அரசியல் பத்தி வரும். 2014 கீழ்சபைத் தேர்தல்ல ஓட்டுப் பதிவு 52.66 சதவீதம், போருக்குப் பிறகு நடந்த கீழ்சபைத் தேர்தல்கள்ல அதுதான் மட்டம். 2016ல ஓட்டுப் போடுற வயச 20ல இருந்து 18 ஆக்குனப்பவும், இளைஞர்களோட முகன்ஷின் பத்தித்தான் பேச்சா இருந்துச்சு. வீட்டுப் பேச்சுல இந்த வார்த்தைய சொன்னா நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

கேள்வி: ஒசாகாவுக்கு மாறி வந்துருக்கேன். இங்க எல்லாரும் எத சொன்னாலும் கடைசில "ஷிரன் கெடோ"ன்னு முடிக்கிறாங்க. "எனக்குத் தெரியாது, ஆனா"ன்னு. இவங்களுக்கு எதுலயும் அக்கறையே இல்லையா? (ஒசாகா வாசகர்)

பதில்: அங்க அது அக்கறையின்மை இல்லீங்க, ஜாமீன். அந்தக் கடைல மாவு உருண்டை சூப்பரா இருக்கும், அந்தத் தெருவுல புது ஸ்டேஷன் வரப்போகுது, அவனுக்கும் அவளுக்கும் லவ்வு, எல்லாத்தையும் நேர்ல பாத்த மாதிரி அடிச்சு விட்டுட்டு கடைசில "ஷிரன் கெடோ"ன்னு ஒரு வார்த்தை, "நான் கேரண்டி இல்லப்பா"ன்னு. ஒசாகாவ சுத்தியிருக்குற கன்சாய் பக்கத்து வழக்கம்தான், ஆனா நாடு முழுக்க பரவி 2022ல அந்த வருஷத்தோட ட்ரெண்டிங் வார்த்தைகள் டாப் டென்ல இடம் பிடிச்சுது. நீங்களும் ஒசாகாக்காரங்ககூட சாப்புடும்போது போட்டுப் பாருங்க, சிரிப்பாங்க. ஆபீஸ் ரிப்போர்ட் கடைசில மட்டும் போட்டுடாதீங்க.

நிஜமான அக்கறையின்மை அந்த ஊர்ல வேற ரூபத்துல வரும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டீங்க, அவர் சிரிச்ச மூஞ்சியோட "இக்கேத்தாரா இக்கு வா"ன்னார்னா, "வர முடிஞ்சா வர்றேன்"னு. பாயசத்துக்கு அவர சேத்து பால் வாங்காதீங்க.